ஒயரிங் முடிந்தது, சோதித்தது யார்?

2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்டது, விசாரணை வைக்கப்பட்டது. அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்த தலம் என்று ஆடி அமாவாசைதோறும் விழா எடுக்கும் திருவையாற்றில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல். சராசரியாக ஒரு நாளைக்கு முப்பது பேருக்குக் குறையாது. இவர்கள் பெரும்பாலும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். குளியலறையில், கிணற்றடியில், மோட்டார் கொட்டகையில், கிரைண்டர் பக்கத்தில் நடப்பது மாவட்டச் செய்திப் பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடுகிறது. தேர் மின்கம்பியில் படாமல் பார்ப்பது அரசின் வேலை, ஊரின் வேலை. வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பி யாருடைய பொறுப்பு? வேலைக்கு ஆள் வைக்கும் வீட்டுக்காரர் எதைப் பார்த்து ஆள் வைக்கிறார்? திருவையாற்றிலும் சுற்றுவட்டாரத்திலும் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டுதான்: யார் வீட்டில் வேலை பார்த்தார், ஒரு பாயின்ட்டுக்கு எவ்வளவு கேட்கிறார். கையில் சான்றிதழ் உண்டா என்றோ, வேலை முடிந்தபின் சோதித்துக் காட்டுவாரா என்றோ கேட்பவர் அபூர்வம்.

சட்டம் இந்த விஷயத்தில் மழுப்பவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதியாக இருந்தது, 2010இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 29ஆம் பிரிவாக வந்தது. 2023இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. அடிப்படை ஏற்பாடு இதுதான்: பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச், சிறு வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை அதே அளவில், அதே தன்மையில் மாற்றுவது தவிர மற்ற எந்த மின்வேலையையும், அதாவது புதிதாகப் போடுவது, கூட்டுவது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாவற்றையும், மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். அதையும் தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில், அனுமதிச் சான்று உள்ள கம்பியாளரைக் கொண்டு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளை வழங்குவது சென்னை கிண்டியில் இயங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். தொழில்காரர்கள் பேச்சில் ‘சி லைசென்ஸ்’ என்றால் மேற்பார்வையாளர், ‘பி லைசென்ஸ்’ என்றால் கம்பியாளர், ‘எச்’ என்றால் உதவியாளர். ஆக, ‘எலக்ட்ரீஷியன்’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஒருவர் சட்டத்தின் கண்ணில் மூன்று நான்கு வேறு ஆட்களாக இருக்கலாம். எவராகவும் இல்லாமலும் இருக்கலாம்.

இவ்வளவு தெளிவான விதி எங்கே நழுவுகிறது? வீட்டுக்காரரை அது ஒரே ஒரு நாள்தான் நேரில் சந்திக்கிறது என்பதே என் வாதம். புது வீட்டுக்கு மின் இணைப்புக் கேட்கும்போது ஒயரிங் முடிந்ததற்கான அறிக்கையில் உரிமம் பெற்றவரின் கையெழுத்து வேண்டும். ஈ.பி. ஆபீசில் அந்தத் தாள் கோப்புக்குள் போகிறது, மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீடு நாற்பது ஆண்டு நிற்கலாம். அந்த நாற்பது ஆண்டில் உள்ளே என்ன சேர்ந்தது, எந்தக் கம்பியில் எது தொங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. விதியோ ‘கூட்டுவது, மாற்றுவது’ என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆபத்து வளர்வதும் அங்கேதான். முதல் நாள் ஒயரிங் பெரும்பாலும் ஒரே கையால், ஒரு திட்டத்தோடு நடக்கிறது. பிறகு வருபவை வேறு வேறு கைகளால், அன்றன்றைய அவசரத்துக்கு நடப்பவை.

திருவையாற்று அக்கிரகாரத்திலோ கண்டியூர் பக்கத்திலோ எண்பதுகளில் ஒயரிங் செய்த ஓட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய கம்பி. நான்கு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு ரேடியோ. அதற்கு 1/18 கம்பி போதும், எர்த் கம்பி இழுக்கவே வேண்டாம் என்று அன்று நினைத்திருப்பார்கள். 2006க்குப் பிறகு அரசு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. குற்றம் சொல்லவில்லை, பெண்களின் முதுகுவலியைக் குறைத்த திட்டம் அது. ஆனால் உலோகமும் ஈரமும் சேர்ந்த ஒரு சாதனத்தை இலட்சக்கணக்கான சமையலறைகளுக்குக் கொடுத்தபோது, அதைச் செருகும் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எந்தத் துறையும் பார்க்கவில்லை. 2012 வாக்கில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு வாட்டியபோது இன்வெர்ட்டர் வந்தது. கைப்பம்பு இருந்த இடத்தில் பில்டர் பாயின்ட்டும் மோட்டாரும் வந்தன. மழைக்காலக் குளிருக்கு ஹீட்டர், கோடைக்கு ஏ.சி., இப்போது மின்சார ஸ்கூட்டர் சார்ஜர், கூரையில் சோலார். மூன்று கிலோவாட் ஹீட்டர் ஒன்று மட்டும் 13 ஆம்பியர் இழுக்கும். முன்பு மொத்த வீடும் சேர்ந்து இழுத்தது அதில் கால் பங்குகூட இருக்காது. ஒவ்வொரு சாதனமும் தனித்தனியாகப் பார்த்தால் சிறிய வேலை, ஒரு மணி நேரத்தில் முடிவது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, மெயினிலிருந்து வரும் கம்பி இதைத் தாங்குமா என்று கணக்குப் போடுவது யாருடைய வேலை என்பது மட்டும் எந்தக் கட்டத்திலும் எழவில்லை.

ஒரு மூன்று ஓட்டை பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இந்தப் பிரச்சினை முழுவதும் உள்ளங்கையளவில் தெரியும். மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த்துக்கு. பழைய வீடுகள் பலவற்றில் அந்தத் திருகுக்கு வந்து சேரவேண்டிய பச்சைக் கம்பியே இருக்காது. கிரைண்டரைத் தொட்டால் ‘ஜிவ்’ என்று இருக்கிறது என்று வீட்டில் சொன்னால், சிலர் கண்டுபிடித்திருக்கும் வழி எளிது: இரண்டங்குலக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்குப் பாலம் போட்டுவிடுவது. ஜிவ்வென்பது உடனே நின்றுவிடும். டெஸ்டர் வைத்தால் எரியாது. வீட்டுக்காரருக்கும் திருப்தி, வேலை செய்தவருக்கும் நல்ல பெயர். வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு மழை நாளில் கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு துருவேறி விட்டுப்போகிறது. விளக்கெல்லாம் அணைந்துவிடும், கரண்ட் போய்விட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் பேஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. போட்டது போட்டபடி இருக்கும் ஒரு பல்பின் வழியாகவோ விசிறியின் வழியாகவோ அது வீட்டு நியூட்ரல் கம்பிக்குள் இறங்கும். ‘ரிட்டன் வருது’ என்று லைன்மேன்கள் சொல்வது இதைத்தான். அந்த இரண்டங்குலப் பாலம் வழியாக அது கிரைண்டரின் உடம்புக்கு வந்துசேரும். கரண்ட் இல்லாத நேரத்தில் கிரைண்டரைத் துடைத்து வைக்கலாம் என்று ஈரத்துணியோடு தொடுபவர்தான், இரண்டு நிமிடத்தில் முடிந்த அந்தப் பழுதுபார்ப்பின் விலையைக் கொடுக்கிறார்.

இந்த உதாரணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாலம் போட்டவர் கெட்டவரில்லை, சோம்பேறியும் இல்லை. புகார் சொன்னார்கள், புகாரை நிறுத்தினார். அவரிடம் இல்லாதது, பழுதான நிலையில் கம்பிகள் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கு. இயல்பான நிலையில் விளக்கு எரியவைப்பது கைப்பழக்கம். அதை யாரும் யாரையும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நியூட்ரல் அறுந்தால், எர்த் காய்ந்தால், கம்பியின் காப்பு எலி கடித்துப் போனால், பரணில் கரையான் ஏறினால் என்ன ஆகும் என்பது பாடமாகப் படித்தால் அன்றி வராது.

‘எம்.சி.பி. போட்டிருக்கிறோமே, டிரிப் ஆகிவிடாதா?’ என்பது படித்தவர்களே கேட்கும் கேள்வி. கம்பியில் அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதனை அன்று. ஈரக் கையும் வெறுங்காலுமாக இருக்கும் ஒருவரின் உடல் தடையைச் சுமார் ஆயிரம் ஓம் என்று வைத்தால், 230 வோல்ட் அவர் வழியாகச் செலுத்தும் மின்னோட்டம் கால் ஆம்பியர்கூட வராது. வீட்டில் இருப்பதிலேயே சிறிய எம்.சி.பி. ஆறு ஆம்பியர். அதற்கு இது ஒரு சிறு பல்பு எரிவது போலத்தான் தெரியும். இதயத்தைத் தடுமாற வைக்க இதில் நான்கில் ஒரு பங்கு போதும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆர்.சி.டி. எனும் கருவி இருக்கிறது, கடைகளில் ஆர்.சி.சி.பி. என்றும், பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் கேட்டு வாங்குகிறார்கள். போன மின்னோட்டமும் திரும்பிவந்த மின்னோட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் விதித் தொகுப்பைத் திருத்தி வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியும் இருக்கிறது.

‘எர்த் குழி இருக்கிறது, அது போதாதா’ என்ற அடுத்த கேள்விக்கு டெல்டா மண்ணையே வைத்துப் பதில் சொல்லலாம். வண்டல், களிமண் இரண்டும் ஈரமாக இருக்கும்வரை மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். எர்த் போட இது நல்ல பூமி. ஆனால் மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடினால் ஜூன் 12 வரை காவிரியிலும் குடமுருட்டியிலும் மணல்தான். ஏப்ரல், மே மாதங்களில் மண் வெடிக்கும். உப்பும் கரியும் போட்டு மூடிய குழிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. குழியின் தடை ஐந்து ஓம் என்று கொண்டால், பேஸ் கம்பி கிரைண்டர் உடம்பில் பட்டதும் மண் வழியே பாய்வது அதிகம்போனால் 46 ஆம்பியர். 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்.சி.பி. உடனடியாக விழ அதன் அளவைப்போல் ஐந்து மடங்காவது, அதாவது 80 ஆம்பியர் வேண்டும். ஆகவே அது சூடேறி, பல நொடிகள் யோசித்துத்தான் விழும். கோடையில் குழியின் தடை இருபது ஓம் ஆகிவிட்டால் 11.5 ஆம்பியர்தான் பாயும், எம்.சி.பி. விழவே விழாது, கிரைண்டர் உயிரோடு நின்றுகொண்டிருக்கும். எர்த்தும் வேண்டும், ஆர்.சி.டி.யும் வேண்டும், இரண்டும் வேலை செய்கின்றனவா என்று அளந்தும் பார்க்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து தானே வருகிறது. நல்ல பெயர் எடுத்த ஒருவர் இந்த மூன்றில் மூன்றாவதைச் செய்கிறாரா என்பதுதான் அவரைத் தெரிந்துகொள்ளும் வழி.

இனி மறுப்புகள். வலுவானது இது: ‘அவர் இருபது வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறார், ஊரில் பாதி வீடு அவர் ஒயரிங்தான், ஒரு வீட்டிலும் ஒன்றும் ஆகவில்லை; பரீட்சை எழுதியவன் வந்து என்ன கிழித்துவிடப் போகிறான்?’ அனுபவத்தை அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. ஒயர் இழுப்பதிலும் பைப் புதைப்பதிலும் அனுபவத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் செய்த தப்பு செய்தவரிடம் திரும்பி வந்தால்தான் அனுபவம் கற்றுக்கொடுக்கும். சாம்பாரில் உப்புக் கூடினால் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும், அடுத்த நாள் கை தானாகக் குறையும். மின்வேலையில் அப்படி இல்லை. தவறு பன்னிரண்டு வருடம் கழித்து, அவர் முகமே மறந்துபோன ஒரு வீட்டில், வேறொரு காரணத்தின் பெயரில் வெளிப்படும். ‘சார்ட் சர்க்யூட்’ என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். ஆகவே ‘ஒரு வீட்டிலும் ஒன்றும் ஆகவில்லை’ என்பது, அவருக்குத் தெரிந்தவரை ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு மேல் எதையும் நிரூபிக்காது. சுவிட்ச் போட்டதும் விளக்கு எரிந்தது என்பதே சோதனையாக இருக்கும்வரை, சுவிட்ச் பேஸில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்பதுகூடத் தெரியவராது. நியூட்ரலில் இருந்தாலும் விளக்கு எரியும், அணையவும் செய்யும். பல்பு ஹோல்டரில் மட்டும் மின்சாரம் எந்நேரமும் காத்திருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா உள்ளிட்ட பகுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. அப்படி ஒரு பேரழிவுக்குப் பின் அவசரமாக இணைப்புக் கொடுக்கும்போது, பேஸும் நியூட்ரலும் இடம் மாறினால், ஒழுங்காகச் செய்த வீட்டிலும் இந்த நிலை வந்துவிடும். அளந்து பார்க்காமல் அதைக் கண்டுபிடிக்க எந்த அனுபவத்தாலும் முடியாது.

அளப்பது என்றால் என்ன? மெகர் என்று சொல்லும் கருவியால் 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே கொடுத்து, காப்புத் தடை ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. இது நெடுங்காலமாக விதியில் இருக்கும் சோதனை. எர்த் டெஸ்டரால் குழியின் தடையை அளப்பது, ஆர்.சி.டி.யின் ‘டி’ பொத்தானை அழுத்துவதோடு நில்லாமல் அது எத்தனை மில்லி ஆம்பியரில் விழுகிறது என்று பார்ப்பது ஆகியவையும் சேரும். சுவரில் ஓதம் ஏறிய வீட்டில் மழைக்காலத்தில் எடுக்கும் மெகர் அளவையும் மே மாதத்தில் எடுக்கும் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அந்த வீட்டின் கதை தெரிந்துவிடும். இந்தக் கருவிகள் தச்சனுக்கு ரசமட்டம் போல இருக்க வேண்டியவை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான ஒயரிங் பைகளில் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும்தான் இருக்கின்றன.

அடுத்த மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது, இன்னும் கசப்பானது: லைசென்ஸ் என்பதே வெறும் கையெழுத்துதானே? வேலை செய்தவர் ஒருவர், அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர், அவர் அந்த வீட்டு வாசலைப் பார்த்ததுகூடக் கிடையாது என்பது யாருக்குத் தெரியாது? இதை நான் மறுக்கப்போவதில்லை. இந்தப் பழக்கம் இருக்கிறது. கையெழுத்துக்கு ஒரு தொகை, வேலைக்கு ஒரு தொகை என்று வீட்டுக்காரரே இரண்டையும் பிரித்துக் கொடுக்கிறார். ஆனால் இதிலிருந்து ‘அதனால் சான்று தேவையில்லை’ என்ற முடிவுக்குப் போவது தவறு. கையெழுத்தைத் தனியாக வாங்கும்போது நாம் இழப்பது எது? கண்காணிப்பு. விதி கேட்பது கையெழுத்தை மட்டும் இல்லை, ‘நேரடி மேற்பார்வை’யை. அதை வாங்க உரிமையுள்ள வீட்டுக்காரர், ஈ.பி.க்குக் கொடுக்க ஒரு தாள் கிடைத்தால் போதும் என்று விட்டுக்கொடுத்துவிடுகிறார். சான்று ஒருவரைத் திறமைசாலி ஆக்கிவிடாது. ஆனால் பொறுப்பைக் கேட்க ஒரு முகவரியைத் தரும். உரிமத்தை ரத்து செய்ய ஒரு வாரியம் இருக்கிறது, சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்க ரசீது இருக்கும். பேச்சுவாக்கில் வைத்த ஆளிடம் இவை எதுவும் கிடையாது. ஆகவே நல்ல ஆளைத் தேடுவதும் சான்று கேட்பதும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. சான்று பார்த்த பிறகும், அவரே வந்து அளந்து எழுதிக்கொடுப்பாரா என்று கேட்கத்தான் வேண்டும்.

விதிகளை இறுக்கிய நாடுகள் எந்த முனையில் பிடித்தன என்று பார்ப்பது இங்கே உதவும். இங்கிலாந்தில் 2005 முதல் நடப்பில் உள்ள ‘பார்ட் பி’ கட்டட விதி, வீட்டுக்காரரே தன் வீட்டில் மின்வேலை செய்வதை முற்றாகத் தடுக்கவில்லை. புதிய சர்க்யூட் போடுவது, மெயின் போர்டு மாற்றுவது போன்ற வேலைகளுக்கு, பதிவு பெற்ற ஆள் தன் பொறுப்பில் சான்றளிக்க வேண்டும், இல்லாவிட்டால் அறிவித்துச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். டெல்டாக் குடும்பங்களுக்குப் பழகிய ஊரான சிங்கப்பூர் இன்னும் நேரடியாகப் போனது. அங்கே வீட்டு ஒயரிங்கைத் தொட உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் வேண்டும். 1985 முதல் புது வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி. கட்டாயம். அதற்கு முன் கட்டிய பழைய வீடுகள் விடுபட்டிருந்தன. 2023 ஜூலை முதல் அவையும் விதிக்குள் வந்தன, இரண்டு ஆண்டு அவகாசத்தோடு. நாம் கோட்டைவிடும் இடம் அந்தக் கடைசி அடியில் தெரிகிறது. புது வீட்டுக்கு விதி போடுவது எல்லா நாட்டிலும் எளிது. பழைய வீட்டின் கதவைத் தட்டுவதுதான் கடினம். சிங்கப்பூர்கூட அதற்கு முப்பத்தெட்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணத்தில் இங்கே ஏ.சி. மாட்டும் குடும்பத்துக்கு, தம்பி குடியிருக்கும் வீட்டில் இருக்கும் பாதுகாப்பு இங்கே இல்லை.

செலவு என்ற மறுப்பை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சாதாரண வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. ஓரிரண்டாயிரம் ரூபாய், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் செலவில் ஒரு பகுதி. பழைய வீடு முழுவதையும் மாற்றி ஒயரிங் செய்வது பெரிய செலவுதான். ஆனால் முழுவதையும் ஒரே நாளில் மாற்று என்று எந்த நல்ல கம்பியாளரும் சொல்லமாட்டார். முதலில் எர்த், ஆர்.சி.டி.; அடுத்து ஹீட்டர், ஏ.சி., மோட்டார் ஆகியவற்றுக்கு மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி லைன்; மற்றவை பிறகு. ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய வீட்டில் ஆர்.சி.டி. போட்டதும் அது அடிக்கடி விழும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் ஈ.பி. நியூட்ரலும் எங்கோ கலந்திருக்கும், அல்லது ஓதமேறிய சுவருக்குள் எப்போதிலிருந்தோ கசிவு இருக்கும். தகுதியுள்ளவர் அந்தக் கசிவைத் தேடிப் பிடிப்பார். மற்றவர் ‘இது சும்மா தொல்லை’ என்று ஆர்.சி.டி.யைச் சுற்றி ஒரு கம்பி போட்டு நேரே இணைத்துவிடுவார். இரண்டு பேருடைய கூலிக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆள் பஞ்சம் என்பது மட்டும் உண்மையான தடை. இரண்டாண்டு ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள், ஊரில் மிஞ்சுவது பழகித் தேறியவர்கள்தான். அவர்களை ஒதுக்கிவிட்டு எந்தத் தீர்வும் இல்லை. அவர்களுக்கென்றே ஒரு வழியும் இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு, 21 வயது நிரம்பி, ஒயரிங் தொழிலில் ஐந்தாண்டுக்குக் குறையாத அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். இருபது வருஷமாக வேலை பார்க்கும் ஒருவர் இதை எழுதாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், எழுதச் சொல்லி எந்த வாடிக்கையாளரும் கேட்காததுதான். சான்று இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே பாயின்ட் கூலி கொடுக்கும் ஊரில், அவர் எதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தேர்வு எழுதப் போகவேண்டும்? கேட்பவர் கூடினால் எழுதுபவர் கூடுவார்.

வீட்டோடு இந்தப் பழக்கம் நிற்பதுமில்லை. வயலில் எலிக்கும் பன்றிக்கும் பயந்து வீட்டு லைனிலிருந்து வெறும் கம்பி இழுத்து வேலி போடுவதும், அதில் சிக்கி வேலி போட்டவரோ பக்கத்து வயல்காரரோ இறப்பதும் அதே தைரியத்தின் நீட்சிதான். இத்தனைக்கும், மின்சாரமே இல்லாமல் எலி பிடிக்கத் தஞ்சாவூர் கிட்டி என்று மூங்கிலில் பொறி செய்து பெயர் எடுத்த மண் இது.

மின் உரிம வாரியமும் மின் விநியோகக் கழகமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு அனுமதித்த மின்பளுவைக் கூட்டக் கேட்டு வரும்போதும், இணைப்பில் பெயர் மாற்றம் கேட்டு வரும்போதும், கூரைச் சோலாருக்கு விண்ணப்பிக்கும்போதும் மீண்டும் ஒரு மெகர் அளவு, எர்த் அளவு, ஆர்.சி.டி. இருப்பு மூன்றையும் எழுதிய அறிக்கையைக் கட்டாயமாகக் கேட்கலாம். கையெழுத்திட்டவரின் உரிம எண்ணோடு அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை வீட்டுக்காரருக்கே கொடுக்கலாம். இதுவும் கையெழுத்து வியாபாரமாகிவிடாதா என்றால், சில ஆகத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்காரர் கையில் எண்கள் இருந்தால், அடுத்து வருபவர் அளக்கும்போது பொய் தெரிந்துவிடும். விளக்கு எரிகிறது என்பதற்கு இப்படி ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

எஞ்சியிருப்பவர்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். சுவர் அவர்களுடையது இல்லை, கிரைண்டர் மட்டும்தான் அவர்களுடையது. ஹீட்டர் மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டால் வீட்டுக்காரர் ‘நீங்களே ஆள் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்பார். குடியிருப்பவர் குறைந்த செலவில் முடித்துக்கொள்வார். காலி செய்யும்போது ஹீட்டர் போய்விடும், கம்பி நிற்கும். அடுத்துக் குடிவருபவருக்கு அது என்ன கம்பி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. வாடகை ஒப்பந்தத்தில் மின்கட்டணம் யார் கட்டுவது என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. எர்த்தும் ஆர்.சி.டி.யும் யார் பொறுப்பு என்று அதன் கீழே இன்னொரு வரி எழுத, தனியாக ஒரு முத்திரைத்தாள் வாங்க வேண்டியதில்லை.